வாசகர் கேள்வி–பதில்: எந்தப் படத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம்?

திரைப்படங்களையும் பிள்ளைகளையும் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால், சிலவற்றைச் சேர்த்தும் சுருக்கியும் வெளியிட்டிருக்கிறோம்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. அவனுக்குப் பிடித்த நடிகரின் புதுப்படத்துக்கு முதல் வாரமே போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். விளம்பரத்தில் ‘யு/ஏ 16+’ என்று போட்டிருக்கிறது. “பெற்றோருடன் போனால் தடையில்லை, நாமெல்லாம் சின்ன வயதில் சண்டைப் படம் பார்க்கவில்லையா?” என்கிறார் என் கணவர். ஆனால் வேறொரு படத்துக்குப் போன பக்கத்து வீட்டுப் பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்களாம். எது சரி?
— வாசகி, திண்டுக்கல்

சட்டப்படி உங்கள் கணவர் சொல்வதும் சரி, பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் திருப்பி அனுப்பியதும் சரி. இரண்டு படங்களும் வெவ்வேறு சான்றிதழ் பெற்றவையாக இருந்திருக்கும். 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தின் கீழ் முதலில் எல்லோருக்குமான ‘யு’, வயது வந்தோருக்கு மட்டுமான ‘ஏ’ என்ற இரண்டு சான்றிதழ்களே இருந்தன. 1983இல் இடையில் ‘யு/ஏ’ சேர்ந்தது. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்கள் பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்பது அதன் பொருள். பேய் வேடம் போட்டுச் சிரிக்கவைக்கும் படத்துக்கும், ஆளை வெட்டிச் சாய்க்கும் ரவுடிப் படத்துக்கும் அந்த ஒரே முத்திரைதான் நாற்பது ஆண்டுகள் பொதுவாக இருந்தது. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதை 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரித்தது; ஆனால் இந்த வயது எண்கள் பெற்றோருக்கும் பாதுகாவலருக்கும் வழிகாட்டுவதற்காக மட்டுமே என்றும், மற்றவர்கள் இவற்றைக் காட்டி எவரையும் தடுக்க முடியாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே 16+ படத்துக்கு உங்கள் மகனைத் தியேட்டர்காரர் தடுக்க மாட்டார். ‘ஏ’ அப்படியன்று. பதினெட்டு வயது நிறையாதவரை உள்ளே விட்டால் அது தியேட்டர்காரரின் குற்றம். 2025 ஆகஸ்டில் ரஜினிகாந்த் நடித்த ‘கூலி’ ‘ஏ’ சான்றிதழுடன் வெளியானது. தயாரிப்பு நிறுவனம் ‘யு/ஏ’ கேட்டுச் சென்னை உயர் நீதிமன்றம் வரை போயும் மனு தள்ளுபடியானது.

இனி, சட்டம் உங்கள் கையில் விட்டுவிட்ட முடிவுக்கு வருவோம். அழைத்துப் போகாதீர்கள் என்பதே என் கருத்து. 16+ என்பது யாரோ கெடுபிடி செய்து கூட்டிப் போட்ட எண் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் தயாரிப்பாளர் எவரும் தம் படத்துக்கு அதிக வயதைக் கேட்டு வாங்குவதில்லை. தணிக்கைக் குழு சொல்லும் இடத்தில் ரத்தத்தைக் குறைத்து, வசைச் சொல்லின் ஒலியை நீக்கி, கூடுமானவரை எண்ணைக் கீழே இறக்கப் பார்ப்பதே வழக்கம். அப்படியும் 16இல் நிற்கிறது என்றால், ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் அந்தப் படத்துக்கும் உள்ள தூரத்தை நீங்களே அளந்துகொள்ளலாம்.

பழைய ‘யு’ படங்களையும் இதே கண்ணோடு பாருங்கள். தமிழ்நாட்டில் சான்றிதழுக்கு நேரடியான பண மதிப்பு இருந்த காலம் ஒன்று உண்டு. தமிழில் பெயர் சூட்டிய படங்களுக்கு 2006இல் கேளிக்கை வரி விலக்கு வந்தது. 2011இல் அந்த விலக்கைப் பெற ‘யு’ சான்றிதழும் ஒரு நிபந்தனையானது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வரும்வரை ‘யு’ வாங்கியே தீர வேண்டும் என்ற அழுத்தத்தோடு படங்கள் வெட்டப்பட்டன. வெட்டியதால் காட்சியின் நீளம் குறைந்திருக்கும். கதை வளர்ந்தவர்களுக்கானதாகவே இருந்திருக்கும்.

“நாமெல்லாம் பார்க்கவில்லையா” என்பதற்கும் ஒரு சொல். நாம் பார்த்த சண்டையில் குத்து விழும் சத்தம் வாயால் செய்ததுபோல இருக்கும், அடிபட்டவர் வைக்கோற்போரில் போய் விழுவார். இன்று கத்தி இறங்கும் இடத்துக்கு அருகே கேமரா போய் நிற்கிறது. காட்சி மெதுவாக ஓடுகிறது. நாயகனின் முகத்தில் தெறித்த ரத்தத்தோடு இடைவேளை விடுகிறார்கள், அரங்கில் விசில் பறக்கிறது. பெயர்தான் ஒன்று, சண்டைக் காட்சி. மகன் பள்ளியில் ‘நானும் பார்த்தேன்’ என்று சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அடம்பிடிக்கிறான் என்றால், பாடல்களையும் பேட்டிகளையும் பார்க்க விட்டாலே பாதி வேகம் தணிந்துவிடும்.

கேள்வி: நான்கு வயது மகளை ‘யு’ சான்றிதழ் பெற்ற கார்ட்டூன் படத்துக்கு அழைத்துப் போனோம். பத்தே நிமிடத்தில் அலறத் தொடங்கிவிட்டாள். பயப்பட அதில் ஒன்றுமே இல்லை. ஏன் இப்படி?
— வாசகர், மதுரை

உங்களுக்கு ஒன்றுமே இல்லை, அவளுக்கு இருந்தது. ஏழெட்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தை, ஓர் உருவம் என்ன செய்கிறது என்பதைவிட அது எப்படி இருக்கிறது என்பதைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜோன் கேன்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களில் ‘ஹல்க்’ என்ற தொலைக்காட்சித் தொடரை வைத்து இதை ஆராய்ந்தார்கள். சாதுவான ஒருவர் கோபம் வந்தால் பச்சை நிற அரக்கனாக மாறி நல்லவர்களைக் காப்பாற்றுவார் என்பது அதன் கதை. பெரிய குழந்தைகள் அவர் காப்பாற்ற வருகிறார் என்று புரிந்துகொண்டு அமைதியாகப் பார்த்தார்கள். மழலையர் பள்ளி வயதினரோ, கண்ணெதிரே மனிதன் அரக்கனாகும் அந்த மாற்றத்தைக் கண்டுதான் மிரண்டார்கள். ‘அது நல்ல பூதம்மா’ என்று நீங்கள் காதோடு சொல்லியிருந்தாலும் அந்த வயதில் அது எடுபடாது.

அடுத்தது ஒலி. ஒவ்வொரு ஒலித்தடத்துக்கும் 85 டெசிபலை அடிப்படையாக வைத்து, உச்சத்தில் 105 டெசிபலை எட்டும்படி அரங்கின் ஒலியமைப்பைச் சீர்செய்வது தொழில்மரபு. வீட்டுத் தொலைக்காட்சியில் அதே படத்தைச் சிரித்துக்கொண்டு பார்க்கும் குழந்தை, இருட்டில் அந்த ஒலியோடு பார்க்கும்போது அழுவதில் வியப்பில்லை. சான்றிதழ் தரும் குழு கதையையும் காட்சியையும்தான் எடைபோடுகிறது, உங்கள் மகள் எவ்வளவு சத்தம் தாங்குவாள் என்பதை அன்று. கார்ட்டூன் என்றாலே சிறு குழந்தைக்கானது என்பதும் நம் நினைப்புதான். தாயையோ தந்தையையோ பறிகொடுக்கும் குட்டி விலங்கின் கதை ‘யு’ படங்களில் எத்தனை முறை வந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஓராண்டு கழித்து, கூட்டம் குறைந்த காலைக் காட்சிக்கு, வெளியே போக வசதியாக ஓர இருக்கை எடுத்துக்கொண்டு மறுபடி போங்கள். அழுதால் அந்த நிமிடமே எழுந்துவிடுங்கள். டிக்கெட் காசு போகிறதே என்று இடைவேளை வரை இழுத்துப் பிடிக்க வேண்டாம்.

கேள்வி: நான் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை. பள்ளி விட்டதும் மாணவர்கள் சிலர் மாணவிகளைப் பேருந்து நிறுத்தம் வரை பின்தொடர்ந்து போகிறார்கள். கண்டித்தால், “படத்துல ஹீரோ பண்றதைத்தானே மிஸ் பண்றோம்” என்கிறார்கள். அவர்கள் சொல்லும் படங்களில் சில ‘யு’ சான்றிதழ் பெற்றவை. படங்களைக் குறை சொல்வது நியாயமா?
— ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

முழுப் பழியையும் படத்தின் தலையில் கட்டுவது நியாயமாகாது. வீட்டிலும் தெருவிலும் அவர்கள் பார்ப்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. ஆனால் இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது உங்களுடையதுதான். வெட்டுக்குத்தைப் பார்க்கும் பையன்களில் மிகப் பெரும்பாலோர் நாளை அரிவாள் எடுக்கப் போவதில்லை. பெண்ணைத் துரத்துவதற்கு அரிவாள் வேண்டாம், காவல்காரர் கண்ணில் படவும் வேண்டாம். ஒரு பேருந்து நிறுத்தம் இருந்தால் போதும்.

அந்தக் காட்சியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். கல்லூரிக்குப் போகும் பெண் பேருந்துக்காக நிற்கிறாள். நாயகன் எதிரே டீக்கடையில் இருந்து பார்க்கிறான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். கூட இருக்கும் நகைச்சுவை நண்பன் ‘மச்சான், உன்னைத்தான் பார்க்குது’ என்கிறான். அவள் பேருந்து மாறி ஏறுகிறாள். இவன் அதிலும் தொங்கிக்கொண்டு வருகிறான். அவள் திட்டுகிறாள், அரங்கம் சிரிக்கிறது. அவளுடைய வீட்டு விலாசமும் தோழியின் பெயரும் இவனுக்கு எப்படியோ தெரிந்துவிடுகின்றன. பாடல் தொடங்குகிறது, பாடல் முடியும்போது அவளும் சிரித்துவிடுகிறாள். இதில் ரத்தம் இல்லை, ஆபாச வசனம் இல்லை, அரைகுறை ஆடை இல்லை. பெண்களை இழிவுபடுத்தும் காட்சிகளை அனுமதிக்கக் கூடாது என்று 1991ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் சொன்னாலும், பாட்டும் சிரிப்பும் கலந்த துரத்தலை இழிவு என்று எவரும் எண்ணாததால் அது ‘யு’விலேயே தாராளமாகக் கடந்து போயிருக்கிறது.

சட்டம் வேறு மாதிரி எண்ணுகிறது. பெண் விருப்பமில்லை என்று தெளிவாகக் காட்டிய பிறகும் அவளைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து தொடர்புகொள்ள முயல்வது, 2013இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவாகச் சேர்க்கப்பட்ட குற்றம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இப்போது அது 78ஆம் பிரிவு. அந்தப் பிரிவின் வாசகத்தையும் நம் படங்கள் பலவற்றின் முதல் பாதிக் கதைச் சுருக்கத்தையும் அருகருகே வைத்தால் அதிக வேறுபாடு தெரியாது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட சிறுமியைப் பாலியல் நோக்கத்தோடு தொடர்ந்து பின்தொடர்வதைப் போக்சோ சட்டத்தின் 11ஆம் பிரிவும் குற்றமாக்குகிறது. பெண்களைச் சீண்டுவதற்கு எதிராகத் தமிழ்நாட்டுக்கென்று தனிச் சட்டமே 1998இல் வந்தது. சென்னையில் ஆட்டோவில் வந்த இளைஞர்களின் ‘விளையாட்டில்’ ஒரு கல்லூரி மாணவி உயிரிழந்த பிறகு வந்த சட்டம் அது.

‘கடைசியில் நாயகன் திருந்திவிடுகிறானே, தண்டனையும் பெறுகிறானே’ என்று சில படங்களுக்கு வக்காலத்து வாங்குவார்கள். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டுரா 1965இல் செய்த சோதனை ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. பெரியவர் ஒருவர் பொம்மையை அடித்து உதைப்பதைக் குழந்தைகளுக்குப் படமாகக் காட்டினார்கள். அடித்தவருக்குத் தண்டனை கிடைப்பதைப் பார்த்த குழந்தைகள், பரிசு கிடைப்பதைப் பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அதைப் பின்பற்றினார்கள். பிறகு, ‘பார்த்ததைச் செய்துகாட்டினால் பரிசு’ என்றதும் அந்த வேறுபாடு மறைந்துபோயிற்று. கற்றுக்கொண்டது எல்லோரும் ஒரே அளவுதான்; வெளியே காட்டும் வேளைக்குக் காத்திருந்தார்கள். நம் பையன்களுக்கு அந்தப் பரிசைக் கூட்டாளிகளின் கைதட்டல் தந்துவிடுகிறது.

வகுப்பில் படத்தைத் தடைசெய்து பேசினால் அவர்கள் காது கொடுக்க மாட்டார்கள். அவர்களே புகழும் படத்தை எடுத்து, அதே கதையை அந்தப் பெண்ணின் வாயால் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: எந்தப் பேருந்தை விட்டாள், வீட்டில் என்ன பொய் சொன்னாள், படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்று எப்போது பயந்தாள். தமிழ்ப் பாடவேளையில் கட்டுரைப் பயிற்சியாகவே இதைச் செய்யலாம். ஆனால் இப்போது நடந்துகொண்டிருக்கும் பின்தொடர்தலுக்குக் கட்டுரை போதாது. மாணவிகளிடம் தனியே கேட்டுத் தலைமையாசிரியருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 15. டி.வி.யில் முத்தக் காட்சி வந்தால் அப்பா உடனே சேனலை மாற்றுகிறார். அரிவாளால் வெட்டும் காட்சி வந்தால் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கிறார்கள். இதில் எது எனக்குக் கெடுதல்?
— மாணவி, திருநெல்வேலி

மகளே, உன் கேள்வியை உன் அப்பாவும் படித்தால் நன்றாக இருக்கும். அவர் சேனலை மாற்றுவது பெரும்பாலும் உனக்குக் கெடுதல் என்பதால் அன்று. உன்னோடு உட்கார்ந்து அதைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருப்பதால். அந்தக் கூச்சம் இயல்பானது, அதைக் கேலி செய்யாதே. ஆனால் கூச்சத்தை அளவுகோலாக வைத்துப் படங்களைத் தேர்ந்தெடுக்கும் வீட்டில், கூச்சம் தராத கொடுமைகள் எல்லாம் தடையின்றி உள்ளே வந்துவிடும் என்பது நீ கண்டுபிடித்த உண்மை. ஒருவரை ஒருவர் விரும்பி மதிக்கும் இருவர் முத்தமிட்டுக்கொள்வதை 15 வயதுப் பெண் பார்ப்பதில் எனக்குப் பெரிய அச்சம் இல்லை. விருப்பமில்லாதவளைக் கட்டாயப்படுத்துவதைக் காதலாகக் காட்டினால், அங்கே நான் உன் அப்பாவின் பக்கம்.

சாப்பிட்டுக்கொண்டே வெட்டுக்குத்துப் பார்க்க முடிகிறது என்றால் கண் அதற்குப் பழகிவிட்டது என்று பொருள். புகைப்பிடிக்கும் காட்சியும் இப்படித்தான். 2012 அக்டோபர் முதல் திரையின் அடியில் எச்சரிக்கை வாசகம் கட்டாயம். ஆனால் வாசகம் ஓரத்தில் சின்னதாக நிற்க, நடுவே நாயகன் மெதுவாகத் தீக்குச்சியைப் பற்றவைக்கிறான், பின்னணி இசை உயர்கிறது. கண் எங்கே போகும்? திரையில் புகைப்பதைப் பார்ப்பது இளையோரைப் புகைக்கத் தூண்டும் காரணங்களில் ஒன்று என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை அதே 2012இல் உறுதியாகச் சொன்னது. அடுத்த முறை வெட்டும் காட்சி வரும்போது, ‘இதையும் மாற்றலாமே அப்பா’ என்று சாதாரணமாகச் சொல்லிப் பார்.

கேள்வி: தியேட்டருக்கு நாங்கள் போவதே அரிது, எல்லாம் ஓடிடியில்தான். பன்னிரண்டு வயதிலும் பதினாறு வயதிலும் எனக்கு இரண்டு பையன்கள். எதை நம்பி முடிவு செய்வது?
— வாசகர், கோயம்புத்தூர்

ஓடிடியில் வரும் படங்களுக்குத் தணிக்கை வாரியத்தின் சான்றிதழ் தேவையில்லை. 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அந்த நிறுவனங்களே யு, 7+, 13+, 16+, ஏ என்று வகைப்படுத்திக்கொள்கின்றன. தம் சரக்குக்குத் தாமே போடும் மதிப்பெண் என்பதை மறக்க வேண்டாம். தியேட்டரில் வெட்டிய காட்சி இங்கே வெட்டப்படாமல் இருக்கவும் கூடும். ஆகவே ‘தியேட்டரில் ஏற்கெனவே பார்த்த படம்தானே’ என்று விட்டுவிடாதீர்கள். தொலைக்காட்சியின் நிலை வேறு: ‘ஏ’ படம் அங்கே அப்படியே வர முடியாது, தனிச் சான்றிதழ் பெற வேண்டும்.

13+ முதல் மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதி இருக்க வேண்டும் என்று அதே விதிகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. சின்னவனுக்குத் தனிப் புரொஃபைல் வைத்துப் பூட்டுங்கள். பின் நம்பராக உங்கள் பிறந்த ஆண்டை வைக்காதீர்கள், அவனுக்கு அது தெரியும். படத்தின் பெயருக்கு அருகே எண்ணோடு ‘வன்முறை’, ‘போதைப்பொருள்’ போன்ற காரணங்களும் இருக்கும். எண்ணைவிட அவைதான் பயன்படும். பெரியவனைப் பூட்டால் கட்டிப்போட முடியாது. அவன் பார்க்க விரும்பும் படத்தின் முதல் இருபது நிமிடத்தையும் இடைவேளையை ஒட்டிய காட்சிகளையும் நீங்கள் முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள். நம் மசாலாப் படங்கள் கனமான சரக்கை அங்கேதான் இறக்குகின்றன. இணையத்தில் வரும் டிரெய்லர்களுக்குச் சான்றிதழே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். படத்தைத் தடுத்துவிட்டோம் என்று நீங்கள் நிம்மதியாக இருக்கும்போது, அதன் மிகக் கொடூரமான இரண்டு நிமிடங்களைச் சின்னவன் கைப்பேசியில் பலமுறை பார்த்திருப்பான்.

கேள்வி: இந்தியாவில் ‘யு/ஏ’ என்று வரும் தமிழ்ப் படம் இங்கே ‘என்.சி.16’ ஆகிவிடுகிறது. விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் என் 14 வயது மகள் பார்க்கலாம், இங்கே பார்க்க முடியாதாம். படம் ஒன்றுதானே?
— வாசகி, சிங்கப்பூர்

படம் ஒன்றுதான், முத்திரையின் வேலை வேறு. இந்தியாவின் ‘யு/ஏ’ ஆலோசனை, சிங்கப்பூரின் என்.சி.16 தடை. பதினாறு நிறையாதவரைப் பெற்றோர் உடன் வந்தாலும் உள்ளே விட மாட்டார்கள். அமெரிக்காவில் ‘ஆர்’ முத்திரைப் படத்தைப் பதினேழுக்குக் கீழே உள்ளவர் பெற்றோரோடு பார்க்கலாம். பிரிட்டனின் ‘15’ அப்படி விடாது. இந்த எண்கள் எல்லாம் அந்தந்த நாட்டில் எழுந்த புகார்களால் உருவானவை. அமெரிக்காவில் 1968இல் தொடங்கிய வகைப்பாட்டில் ‘பிஜி-13’ என்ற படி 1984இல்தான் வந்தது. இந்தியாவில் நடப்பதாகக் கதை சொன்ன ‘இண்டியானா ஜோன்ஸ்’ வரிசையின் இரண்டாம் படத்தில் உயிரோடு இருப்பவனின் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பிடுங்கும் காட்சியைப் பார்த்த பெற்றோரின் கூச்சலும் அதற்கு ஒரு காரணம்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், இரண்டு நாடுகளின் முத்திரைகளில் கூடிய வயதைச் சொல்வதையே எடுத்துக்கொள்வேன். சிங்கப்பூரில் முத்திரையோடு காரணத்தையும் ஒரு வரியில் தருகிறார்கள். ஊருக்கு வந்து அந்தப் படத்துக்குப் போவதானால் அந்த வரியைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அங்கே மகளுக்குப் பதினாறு நிறைந்த பிறகு போகும்போது, வயதைக் காட்டும் அடையாள அட்டையை எடுத்துப் போகச் சொல்லுங்கள், வாசலில் கேட்பார்கள்.